இடக்கைத் துவக்கு

எழுதுவது லியோமின்ஸ்டர், சொல்வது லெம்ஸ்டர்.
அந்த ஊரின் பின்தெருவில்
பல் வைத்தியருக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவில்
ப்ராட்லியின் துவக்குக் கடை.
என் பையில் அறுநூற்றைம்பது பவுண்,
முதியோர் இல்லத்தில் பதினோரு இரவு
கூடுதலாக நின்ற காசு.
இரும்புப் பெட்டியை முதலே வாங்கியாயிற்று.
மாடிப்படிக்குக் கீழே
ஒன்றுமில்லாததைப் பூட்டிக் காத்துக்கொண்டு
அது நிற்கிறது.

"தட்டா, புறாவா?" என்றார் ப்ராட்லி.
இரண்டும்தான்.
ஞாயிறு காலையில் களிமண் தட்டு,
மார்ச்சில் லாய்டின் கடுகு வயலில் காட்டுப்புறா.
ஒரு சம்பளம், ஒரு துவக்கு.

"இரட்டைக் குழல் என்றால் மரியாதை.
அரைத் தானியங்கியோடு போனால்
பெரிய வேட்டைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்."
அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்,
தபால் கந்தோரிலும் கிடைக்கிறது என்றேன்.
சிரிக்கலாமா என்று யோசித்தபடி
ஏணி எடுக்கப் போனார்.

முதலில் துருக்கிக்காரி இறங்கினாள்.
புத்தம் புதிது, நானூற்றித் தொண்ணூறு.
உதையின் விசையிலேயே ஓடுகிறவள்,
உள்ளே அழுக்குச் சேராது.
லேசான தோட்டா போட்டால் சில நேரம் முரண்டு பிடிப்பாளாம்.
உதைப்பாளா? உதைப்பாள்.
மிஸிஸ் ஆப்பர்லியைத் தினமும்
கட்டிலிலிருந்து தூக்கி நிமிர்த்துகிற தோள் இது.
இதற்கு மேல் ஓர் உதை வேண்டாம்.

அடுத்தவள் இத்தாலிக்காரி, இரண்டாம் கை.
வெடித்த வாயுவை உள்ளிழுத்து,
உதையில் பாதியைத் தானே விழுங்கி,
கரியாக வயிற்றில் வைத்துக்கொள்கிறவள்.
"வீட்டுக்குப் போனதும் கழற்றித் துடைக்கவேணும்,
சோம்பேறிக்குச் சரிவராது."
எடுத்துத் தோளில் வைத்தேன்.
ப்ராட்லியின் முகம் கோணியது.
"நீங்கள் இடக்கையா?"

சோறும் கைலாகும் வலக்கை, மற்றதெல்லாம் இடக்கை.
வலக்கைக்காரருக்குச் செய்த துவக்கு
வெறுங்கோதை வலப்பக்கம் துப்பும்.
என் மூக்குக்கு முன்னால்
சூடாக ஒன்று குறுக்கே போகும், ஒவ்வொரு முறையும்.

அனுமதிக்கு விசாரிக்க வந்த பொலிஸ்காரி
தேத்தண்ணியை ஊதிக்கொண்டு கேட்டாள்:
துவக்கோடு முன்அனுபவம் ஏதும்?
முன்னால் நின்ற அனுபவம் உண்டு என்றேன்,
மல்லாவியில், பதினாறு வயதில்.
பேனை கொஞ்சம் நின்றது.
பிறகு 'இல்லை' என்று எழுதினாள்.
அதுவும் பிழையில்லை.
எங்கள் பேச்சில் துவக்கு என்பது இந்த இரும்பு,
துவக்கு என்றால் தொடங்கு என்றும் அர்த்தம்.
இதை அவளுக்கு எப்படிச் சொல்வது?
பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தேன்.

மூன்றாவது கிழமை ப்ராட்லி போன் எடுத்தார்.
கிங்டனில் ஒரு மாட்டு வைத்தியர்,
இடக்கைக்காரர், முழங்கால் போய்விட்டதாம்.
இருபத்தெட்டு அங்குலக் குழல்,
எஃகுச் சன்னம் தாங்கும் என்கிற லில்லிப்பூ முத்திரை,
கட்டையில் முள்வேலி கீறின ஒரு நீளக் கோடு.
அறுநூற்றிருபது. கோட்டைக் காட்டி
அறுநூறாக்கினேன்.

தட்டுத் திடலில் என் முறை வந்தது.
"புல்!" என்று கத்தவேண்டும்.
நானும் கத்தினேன், மனசுக்குள்
மாடு மேய்கிற புல்தான் வந்தது.
செம்மஞ்சள் தட்டு எழும்பிச் சரிய,
எனக்குத் தெரியாமலே விரல் இழுத்தது.
தூள்.
கோது இடப்பக்கம் போய் விழுந்தது,
என்னைக் கடக்காமல்.
அடுத்த பதினெட்டில் பன்னிரண்டு தவறியதை
நவத்துக்குச் சொல்லவில்லை.

திடலில் இரண்டு தோட்டாவுக்குத்தான் இடம்.
லாய்டின் வயலில் மூன்று.
முதலாவது வெடி வானத்துக்கு, இரண்டாவது வேலிக்கு,
மூன்றாவதில் ஒரு புறா
மஞ்சள் பூவுக்குள் பொத்தென்று விழுந்தது.
எடுக்கும்போது இன்னும் சூடு. கொஞ்ச நேரம்
அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இரவு மிளகு போட்டுப் பிரட்டினேன்.
நவத்தின் பல்லில் சன்னம் ஒன்று கடிபட்டது.
எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார்,
டிங்.
இருவரும் அதைப் பார்த்தோம்.
"உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.
துவக்கை இன்னும் துடைக்கவில்லை என்று
அப்போதுதான் ஞாபகம் வந்தது.