முப்பத்தெட்டு

முதலில் சுண்டுவிரல் போனது.
பிறகு பக்கத்து வீட்டு மோதிரவிரல்.
தோத்தா ஏரியைச் சுற்றும் சாலையில்
பாதி வட்டம் முடிவதற்குள்
இரண்டும் என்னுடையவை இல்லை.
திங்கட்கிழமை வயலில்
வெங்காயத்தாளைக் கட்டுக் கட்டும்போது
கத்தி எங்கே முடிகிறது
விரல் எங்கே தொடங்குகிறது என்பதைக்
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கையுறை வாங்கினேன்.
அதன்மேல் இன்னொரு கையுறை.
டேப்பின்மேல் டேப் சுற்றிச் சுற்றி
இரை விழுங்கிய பாம்பாய்ப் பருத்தது ஹேண்டில்பார்.
விரல்கள் திரும்பி வரவில்லை.

தோளைத் தளர்த்து என்றாள் ஒல்காலூசியா.
உப்பைக் குறை என்றார் மருந்துக்கடைக்காரர்.
நாற்பத்தாறு வயதில் எதற்கு இது என்றார்கள்
பூசை முடிந்து வெளியே வந்த நான்கு பேர்,
நால்வரும் காரில் வந்தவர்கள்.

சைக்கிள், பந்தயத்தை விட்ட ஒரு பையனிடம் வாங்கியது.
சட்டத்தில் அவன் பெயர்
பாதி சுரண்டியபடி இன்னும் இருக்கிறது.
மலை ஏறும்போது குனிந்தால்
…பேர்த்தோ என்று வாசிக்கலாம்.

சொகமோசோவில் எல்வெர் பிராபானின் கடை.
என்ன மாடல், என்ன விலை
எதுவும் கேட்கவில்லை.
"எப்போது மரத்துப்போகிறது?
ஏற்றத்திலா, இறக்கத்திலா?" என்றான்.
ஒன்றரை வருடத்தில்
யாரும் என் விரலிடம் கேட்காத கேள்வி.
"இறக்கத்தில். பிரேக்கை எட்டிப் பிடிக்கும்போது."

நாடாவை எடுத்தான்.
தோளின் உச்சியில் எலும்பைத் தேடி
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளந்து
சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினான்: 38.
என் ஹேண்டில்பாரை அளந்தான்: 44.
"பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர் அதிகம்.
இல்லாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே
மலை ஏறியிருக்கிறீர்கள்."

உத்தரத்தில் வரிசையாய்த் தொங்கின.
கிடாக்கொம்பாய் ஆழச் சுருண்டவை,
சீக்கிரமே முடிந்துபோன கேள்விக்குறிகள்.
நான் காட்டியது கறுப்புக் கார்பனை,
ஆழமானதை.
எங்கள் மேட்டுநிலத்துப் பையன்கள்
டி.வி.யில் மூக்கு டயரில் உரச
மூடுபனியைக் கிழித்து இறங்குவார்களே, அது.
விலை, கால் வயல் வெங்காயம்.

"அடிவளைவை அடிக்கடி பிடிப்பீர்களா?"
"தினமும்," என்றேன்.
சிரிக்கவில்லை அவன்.
என் டேப்பைப் பிரித்துக் காட்டினான்:
மேற்பக்கம் வெங்காயச் சாறும் வியர்வையும் ஏறிக் கறுத்து,
பிரேக்கின் தலைப்பில் நூல்நூலாய்த் தேய்ந்து,
அடிவளைவில்
கடையில் வாங்கிய அன்றைய வெள்ளை.

அசையாமல் நிறுத்திய ஒரு வண்டியில் ஏற்றினான்.
"கண்ணை மூடுங்கள். தூக்கத்தில்
போர்வையைத் தேடுவதுபோல் கையை நீட்டுங்கள்."
நீட்டினேன்.
கைகள் நின்ற இடத்தில்
எதையோ கொண்டுவந்து வைத்தான்.
உள்ளங்கை பரவ மேலே தட்டை,
எட்டு குறைவு, ஆழம் குறைவு,
நுனிகள் லேசாக வெளியே விரிந்து.
கண்ணைத் திறந்தேன்.
சாம்பல் நிற அலுமினியம்.

"அழகாக இல்லை," என்றேன்.
"இல்லைதான்," என்றான்.

நெம்பினான், மாட்டினான்.
பிரேக் தலைப்புகளை ஒரு நூல் மேலே ஏற்றி
மணிக்கட்டு மடிகிறதா என்று
பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தான்.
இறக்கினான். மறுபடி அரைநூல் ஏற்றினான்.
வெளியே மழை வந்து நின்றது.

பழையது இப்போது கொட்டகைச் சுவரில்
தண்ணீர்க் குழாயின் சுருளைத் தாங்குகிறது.
அந்த அகலம் குழாய்க்குச் சரி.

ஞாயிறு, ஏரிக்குமேல் ஏறும் சாலை.
தோள்கள் காதைவிட்டு இறங்கிவிட்டன.
அதனாலோ என்னவோ
இத்தனை நாள் வாயடைத்துக் கிடந்த இருக்கை
இப்போது பேச ஆரம்பித்திருக்கிறது.
எல்வெருக்குத் தெரிந்தால் நாடாவை எடுப்பான்,
சொல்லப்போவதில்லை.

பிளாயா பிளாங்காவை நோக்கி இறக்கம்.
பிரேக் விரலுக்குள் வந்து நிற்கிறது.
மூவாயிரம் மீட்டர் உயரத்து ஏரிக்காற்று
கையுறையின் தையல் வழியே நுழைந்தது;
சுண்டுவிரல் குளிர்ந்தது,
விறைத்தது,
வலித்தது.

ஓரமாய் நிறுத்தி
வாயில் வைத்துச் சூடாக்கினேன்.
வெங்காய வாசனை.