ஐந்துக்கு எத்தனை

ஐந்துக்கு எத்தனை என்று
ஞாயிறுக்குள் சொல்லவேணும்.
முந்நூறு சொல், ஒரு படம்,
அடியில் நட்சத்திரம். ஆசிரியர் கண்டிப்பு.

‘எட்டரைப் பாகை’
முப்பத்தாறு வருசத்துக்குப் பிறகு
புதுத் தொகுப்பு போட்டிருக்கிறது.
பெயர் ‘மறுபடி உப்பு’.
பெயருக்கே ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.

காதில் மாட்டிக்கொண்டு
உவர்மலையிலிருந்து உட்துறைமுக வீதிக்கு இறங்கினேன்.
முதல் பாட்டில் டிரம்ஸ் இல்லை,
டிரம்ஸ் மாதிரி ஒன்று.
நஸ்லிம் வாசித்தால் ஒவ்வொரு நாலாவது அடியும்
கொஞ்சம் பிந்தி வரும்,
கிண்ணியாத் துறையில் பாதையைத் தவறவிடப் பார்த்தவன்
கடைசியில் பாய்ந்து ஏறுவதுபோல.
இது ஸ்காபரோவில் யாரோ மருமகன்
கணினியில் வைத்த அடி.
பிந்தவே தெரியாது.

இரண்டாவது பாட்டு கடலைப் பற்றி.
மூன்றாவதும்.
நாலாவதை
கோட்டை வாசலில் லஞ்ச் சீட் தின்னும் மான்கூடத்
தொடாது.

எழுதினேன்:
அந்தக் காலத்து ரெக்ஸ்டன் கடலைப் பாடவில்லை,
கடலோரம் பூட்டிக் கிடந்த ஒரு சைக்கிளைப் பாடினான்,
ஆள் திரும்பி வரவில்லை என்று சொல்லாமலே.
நல்ல வரி. எனக்கே பிடித்தது.

சரிபார்க்கத்தான் பழையதைப் போட்டேன்.
என் கசெட் இல்லை, அது சுனாமியோடு போனது.
மூல நாடாவிலிருந்து
இப்போது சுத்தமாக எடுத்திருக்கிறார்கள்.

யார் இந்தப் பையன்?
கீச்சுக் குரல். அவசரம்.
சைக்கிள் பாட்டு ஓட்டப்பந்தயம் மாதிரி முடிகிறது.
வேகத்தைப் பிழையாக வைத்துவிட்டார்கள் என்று
குகநேசனுக்குப் போன் எடுத்தேன்.
பேஸ் வாசித்தவன், இப்ப சீனக்குடாவில்
மா ஆலை லொறிகளுக்குக் கணக்கு எழுதுகிறான்.
“இல்லையடா, அப்பிடித்தான் பாடினது.
ஆறு மணிக்கு ஊரடங்கு.
ஸ்டூடியோவுக்கு அரை நாள் காசுதான் கிடந்தது.
ரெக்ஸ்டனுக்குப் பத்தொன்பது வயசு.”

பின்னால் லொறி ஹோர்ன். வைத்துவிட்டான்.

கரண்ட் இல்லாத மாதங்களில்
நாலு பற்றரியையும் வெயிலில் காயவைத்து,
பல்லால் கடித்து,
இடம் மாற்றிப் போட்டுக் கேட்ட வீடு எங்களுடையது.
நாடா இழுபட்டு இழுபட்டு
அரைச் சுருதி இறங்கித்தான்
அவன் எனக்குப் பாடியிருக்கிறான்.
நான் துக்கம் என்று நினைத்த கனம்
செத்துக்கொண்டிருந்த பற்றரியினுடையது.
நஸ்லிமின் பிந்தலும்
யாருடையதோ.

மறுபடி புதியது. ஐந்தாவது பாட்டு.
(நாலோடு நிறுத்தியிருந்தேன். ஆசிரியருக்குச் சொல்லவில்லை.)
மருமகனின் அடி இல்லை. ஒரு கிற்றார்.
மேலே ஏற இனி முடியாத ரெக்ஸ்டன்
கீழேயே நின்று,
மெல்ல, இழுத்து,

எங்கள் வீட்டுக் குரல்.
அதே சுருதி.
ஈரச் சுவரில் சாய்ந்து இருந்தேன் ஒருமுறை, இப்பவும்.

ஆறாவது பாட்டு திரும்பவும் கடல்.

சனி இரவு பதினொன்றரைக்கு
சைக்கிள் வரியை மட்டும் விட்டுவிட்டு
மற்றதெல்லாம் வெட்டி எழுதி
அடியில் இரண்டரை போட்டு அனுப்பினேன்.

பேப்பரில் இரண்டு.
அரை நட்சத்திரம்
அவர்களின் அச்சில் வராதாம்.