வில்லங்கம்

தபால் வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைக்
காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டும்போது
இன்றும் வந்து நின்றது.
வேலிக்கு அப்பால், பதினாறு கஜம்.
கண்ணளவு எனக்குப் பிசகாது.
ஒரு கொம்பில் நீல மீன்வலைக் கிழிசல்,
வாயில் மெக்காஸ்கில் வீட்டு முட்டைக்கோஸ்.

துப்பாக்கி என்றால்
எஸ்டேட் ஆளிடம் அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.
வில் என்றாலே வில்லங்கம்,
ஸ்காட்லாந்துச் சட்டம் ஒத்துக்கொள்ளாது.
எட்டுகிற மானை விட்டுவிட்டு
எட்டாத மானுக்கு விமானம் ஏறுகிறவளை
ஊர் என்ன சொல்கிறதென்று தெரியும்.
கடிதம் கொடுப்பவள் நான்,
பேச்சும் அதே வாசல்களில்தான் நிற்கிறது.

சமையலறை மேசையில் முர்டோ
மின்கட்டண உறையின் பின்பக்கத்தில்
நாடுகளை எழுதியிருக்கிறான்.
நியூசிலாந்து: ஏப்ரலில் கனைக்கும்.
போய்வரும் காசில் கூரையை மாற்றலாம்.
அர்ஜென்டினா: மார்ச், முள்மரக் காடு.
மான்களைச் சுற்றி வேலி உண்டா என்று கேட்டிருந்தேன்.
பதில் வரவில்லை, படம் வந்தது:
பல் தெரியும் நான்கு ஆண்கள்,
ஒரே அச்சில் வார்த்தது மாதிரி நான்கு ஜோடிக் கொம்புகள்.
டென்மார்க்: பக்கம்தான், ஆனால் பரீட்சை எழுத வேண்டும்.
ஸ்பெயின்.
எழுதிய வேகத்திலேயே அடித்தான்,
என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

ஆறு வருடம்.
கருவாலி மரங்களுக்கு நடுவே
நாண் விட்ட சத்தம் சரியாகத்தான் இருந்தது.
பட்ட சத்தம் சரியில்லை.
நாற்பது அடிக்கு ரத்தம். பிறகு புல்லில் ஒரு துளி.
பிறகு புல்.
"சகஜம், மேடம். நாளைக்கு வேறொன்று வரும்."
ராத்திரி நல்ல சாப்பாடு போட்டார்கள்.
ரசீதில் அதன் விலை சென்ட் பிசகாமல் இருந்தது.
எந்தப் புதரில் போய்ப் படுத்தது என்பதற்கு
அதில் கட்டமில்லை.

பிறகு தோள் கிழிந்தது, தைத்தார்கள்.
அறுபது பவுண்டு இழுத்த கை
இப்போது வைக்கோல் கட்டுக்கு முன்னால்
நாற்பத்தாறில் நடுங்குகிறது.

செவ்வாய்க்கிழமை ஹங்கேரியிலிருந்து ஒரு கடிதம்,
கெர்கெய் என்பவர் கையால் எழுதியது.
என் பையிலேயே வந்தது.
பிரிக்காமல் பதினோரு வீடு பொறுத்தேன்.

படம் இல்லை. விலை கடைசி வரியில்.
'போன செப்டம்பரில் ஒன்பது பேர் வந்தார்கள்.
இரண்டு கலைகள் விழுந்தன.
ஒன்று காயத்தோடு போனது.
என் நாய் ஷெம்லேவுக்கு வயது பன்னிரண்டு.
அதுவும் நானும் இரண்டு பகல் தேடினோம். மழை.
கிடைக்கவில்லை.
எங்கெல்லாம் தேடினோம் என்று வரைந்து வைத்திருக்கிறேன்,
உங்களுக்கு எதற்கு அனுப்புகிறேன் என்று தெரியவில்லை.
இருபது கஜத்துக்கு மேல் என் காட்டில் அம்பு விடக் கூடாது.
உங்கள் தோள் எவ்வளவு இழுக்கும்?
உள்ளதை எழுதுங்கள்.'

பென்சில் கோடுகள். ஓர் ஓடை, பீச் மரச் சரிவு,
பெருக்கல் குறிகள் ஏழு.
ஏழாவதற்குப் பக்கத்தில் எதையோ எழுதி அழித்திருந்தார்.

முர்டோ விளக்கடியில் வெகுநேரம் வைத்திருந்தான்.
"இந்த ஆள் வியாபாரத்துக்கு லாயக்கில்லை," என்றான்.
அப்புறம் உறையைத் திருப்பி
புடாபெஸ்டிலிருந்து ரயில் உண்டா என்று
குறிக்க இடம் தேடினான்.

ஐம்பது என்று எழுதினேன்.
அடித்து, நாற்பத்தாறு என்று எழுதினேன்.
புதுத்தாள் எடுக்கவில்லை,
அடித்தது தெரியட்டும்.
செப்டம்பர் வருவதற்குள் ஏறாவிட்டால்
சும்மா வந்து கேட்டுவிட்டுப் போகிறேன்,
கனைப்பதற்கு என்ன கட்டணம் என்றும் கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் அது இன்னும் நின்றது.
வண்டிக் கதவைச் சாத்திவிட்டு
வெறுங்கையை உயர்த்தி
இல்லாத நாணைத் தாடைவரை இழுத்தேன்.
தோளுக்குள் எதுவோ சொடுக்கியது.
அது ஒரு காதை மட்டும் திருப்பி
மென்றுகொண்டே இருந்தது.

ஜன்னலில் மெக்காஸ்கில்,
கையில் தேநீர்க் கோப்பை.
நாளை காலை முதல் வீட்டிலேயே
இதைப் பற்றி என்னிடம் கேட்பார்கள்.