மஞ்சள் பேட்ஜ்

பிஸ்கட் டப்பாவில் இருபத்தேழு பேட்ஜ்.
எல்லாம் தகரம், பாதிக்கு ஊசி துரு.
ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிசைக் குழுவின் பேர்.

ஸ்பீக்கர் பெட்டி ஏற்றிப் போன காலத்தில்
சட்டையில் இது குத்தியிருந்தால்தான்
மேடைக்குப் பின்னால் இலை போடுவார்கள்.

இந்த நீலம், புனலூரில் கப்பையும் மத்திக் குழம்பும்.
இந்தச் சிவப்பு, ஆரியங்காவில்
மழை கொட்டிக் கச்சேரி நின்ற இரவு.
இருநூறு பேருக்கு வடித்ததைப்
பதினோரு பேர் தின்றோம்.
ஆண் குரலும் பெண் குரலும் ஒருத்தியே பாடுகிற ரோஸ்லின்
ஒரு வரிகூடப் பாடாமல்
மூன்று தடவை ரசம் கேட்டாள்.

பாட்டா? ஒன்றும் நினைவில்லை.
ஜெனரேட்டர் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன் நான்.

போன ஆவணியில், புளியரை சோதனைச் சாவடி.
வண்டியில் வைக்கோல், சீட்டுக்கடியில் டப்பா.
"என்னவே அது, குலுங்குது?"
டார்ச் அடித்து ஒவ்வொன்றாய்ப் புரட்டியவர்
மஞ்சளில் நின்றார்.
"இதுல பாங்கோஸ் வாசிச்சது எங்க அண்ணன்."

இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.
காக்கியின் மேல் வைத்துப் பார்த்தார்,
குத்தவில்லை.
தருவியா என்று அவரும் கேட்கவில்லை.
எடுத்துக்கிடுங்க என்று சொல்ல
எனக்கும் வாய் வரவில்லை.
பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

மூடியை அழுத்தி மூடித் தந்தார்.
வழக்கமாய் நீட்டுகிற ஐம்பதை
அன்றைக்கு மட்டும் வாங்கவில்லை.

கோட்டைவாசலில் அந்த ஐம்பதுக்குக்
கட்டஞ்சாயாவும் பழம்பொரியும்.
மென்றுகொண்டே யோசித்தேன்,
இன்றும் யோசிக்கிறேன்:
அந்த மஞ்சளுக்கு
என்ன சாப்பாடு போட்டார்கள்?