முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

லுப்லின் நகரத்தில்
வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எதிர்வாடையில்
என் கடை.
ஆறு படம், நாற்பது ஸ்வோட்டி.
கத்தரிக்கத் தெரிந்தால் போதும்
இதெல்லாம் ஒரு தொழிலா என்பார் என் கணவர்.
அவருக்குக் கத்தரிக்கவும் தெரியாது.

மமுக்கா முதலில் வந்தபோது
கன்னத்தில் இன்னும் வெயில் இருந்தது.
குத்தாயிசியிலிருந்து மூன்று நாள் பேருந்து.
இறைச்சி ஆலையில் வேலை,
முதலாளி கையெழுத்துப் போட்டாயிற்று,
அனுமதி அட்டை ஒன்றுதான் பாக்கி என்று
விரல்களால் சொன்னான்.
சிரிக்காதே என்றேன்.
பாஷை புரியாமல் அதற்கும் சிரித்தான்
அடர்ந்த மீசைக்குக் கீழே.
பல் தெரிந்த படம் செல்லாது,
எடுத்துத் தனியே வைத்தேன்.
அடுத்ததில்
உதட்டை மூடி, கண்ணைத் திறந்து,
அம்மா அப்பா இல்லாதவனைப் போல
விழுந்திருந்தான்.
அவர்களுக்கு வேண்டிய முகம் அது.

ஆறு மாதம் தாண்டினால்
படம் பழசு.
அலுவலகம் எடுத்துக்கொள்ளும் எட்டு மாதம் மட்டும்
எப்போதும் புதுசு.

கோப்பில் ஒரு தாள் குறைகிறது என்று கடிதம்.
வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்று கடிதம்.
ஒப்பந்தத்தில் வீட்டுக்காரியின் கையெழுத்து
மங்கலாயிருக்கிறது என்று கடிதம்.
வந்து வந்து உட்கார்ந்தான்.
முக்காலி கிறீச்சிடும் விதத்திலேயே
ஆள் இளைத்தது எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் முறை புருவத்தின் மேல் தையல்,
கொக்கியில் தொங்கிய பன்றிப் பாதி
ஆடி வந்து இடித்ததாம்.
மூன்றாம் முறை மீசை இல்லை.
நான்காம் முறை
வெள்ளைத் திரைக்கு முன்னால்
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.
இரவுப் பணி.
வெளியே ஓர் உக்ரைன்காரியும்
இரண்டு நேபாளிப் பையன்களும்
பனியில் நின்றிருந்தார்கள்.
நிற்கட்டும் பத்து நிமிடம் என்று
கதவுப் பலகையைத் திருப்பி வைத்தேன்.

எனக்கு இருபத்திரண்டு வயதில்
ஹானோவருக்குத் தெற்கே ஸ்ட்ராபெரி பறித்தேன்.
சோதனை வண்டி வந்தால்
கொட்டகைக்குப் பின்னால்
உரச் சாக்குகளுக்கு நடுவே
பதினோரு பேர் மூச்சுக் காட்டாமல் கிடப்போம்.
ஒருத்திக்கு விக்கல்.
அவள் வாயை நான் பொத்தினேன்.
அவள் பெயர் இன்றுவரை தெரியாது,
என் உள்ளங்கைக்கு அவள் பல்வரிசை தெரியும்.
மூன்று கோடைகள்.
யாரும் என்னை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

பத்தொன்பதாம் மாதம் அட்டை வந்தது.
ஓடிவந்து கல்லாவின் மேல் வைத்தான்.
தொட்டுப் பார்த்தேன், வழவழப்பு.
அட்டையிலிருந்தவனுக்கு மீசை இருந்தது,
தையல் இல்லை.
மற்ற மூன்று மமுக்காக்களும்
எந்தக் கோப்பில் கிடக்கிறார்களோ.
திருப்பினேன்.
வேலை செய்யலாம்,
இன்ன ஆலையில்,
இன்ன பிரிவில்,
இன்ன தேதி வரை.
விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் போட்டிருந்தார்கள்.
விரல்விட்டு எண்ணினேன்.
ஒரு கைக்கே போதுமாயிருந்தது.

அவனும் எண்ணியிருக்கிறான்.
இப்போது எங்கள் பாஷை நன்றாகவே வரும்.
“ஆறு படம், பானி டனூத்தா” என்றான்.

திரையை இறக்கினேன்.
சிரிக்காதே என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.
கத்தரிக்கும்போது கை தவறி
அவன் இடது காது போயிற்று.
மறுபடி உட்கார் என்றேன்.
உட்காரவில்லை.
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
நான் செருகி வைத்திருந்த பழைய படத்தைக்
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
“யார் இவன்?”

செல்லாதது, என்றேன்.
கத்தரிக்கோலைத் துடைத்தேன்.
வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.