ஏழு எழுத்து

எஸ்ட்ரெமோஷில் பளிங்கு மலிவு.
நடைபாதை விளிம்பு, இறைச்சிக் கடை மேடை,
நாய் தண்ணீர் குடிக்கும் தொட்டிகூடப் பளிங்கு.
எழுத்துக்குத்தான் விலை.
எழுத்து ஒன்றுக்கு நாலு யூரோ என்று
பட்டறைக் கதவில் எழுதியிருக்கிறார் எர்மீனியோ,
சுண்ணக்கட்டியால்.
செதுக்கி வைக்க அவருக்கே கட்டுப்படியாகவில்லை.

ஸுல்மீராவின் மகன் லிஸ்பனிலிருந்து வந்திருந்தான்.
பெயர் வேண்டும், இரண்டு தேதி வேண்டும்,
கீழே ஒரே ஒரு சொல்.
நாற்பத்தோரு வருஷம்
நீதிமன்றப் படிகளைக் கழுவியவள் அவன் அம்மா.
சொல்லைக் காகிதத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தான்:
உமில்ட்.

அந்த ஊர்ப் பேச்சில் அது
பையில் காசில்லாதவருக்கும் சொல்
தலையில் கனமில்லாதவருக்கும் சொல்.
ஒரே சட்டையை இரண்டு பேர்
முறை வைத்துப் போட்டுக்கொள்வதுபோல.

தமிழில் ஈடு தேடினேன்.
எளியவர் கொஞ்சம் பொருந்தியது, தோளில் தொளதொளத்தது.
பணிவானவர் என்றதும்
யாருக்கு என்று கேட்டது அந்தச் சொல்லே.
சாமானியர் மேல் தேர்தல் வாசனை.
இருக்கும் இடம் தெரியாதவர் என்று சொல்லலாம்,
ஆனால் அவள் இருந்த இடம் தெரிந்ததே,
ஈரமாக.
அடக்கம் என்று எழுதிவிட்டுப்
பேனாவை மூடினேன்.
குணத்துக்கும் குழிக்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கிறோம் நாம்.

எர்மீனியோ அதற்குள் முதல் எழுத்தை முடித்திருந்தார்.
இரண்டு தூண், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம்,
ஒற்றைப் படி வைத்த ஏணி.
எழுதுவார்கள் அதை, ஒலிக்க மாட்டார்கள்.
சொல்லின் வாசலில்
வாய் திறக்காமல் நிற்கும்.
"அம்மா மாதிரியே" என்றான் மகன்.

அப்போது வந்தாள் ஃபெலிஸ்மினா,
அதே படிகளின் மறுபாதியைக் கழுவியவள்.
முழங்காலில் கட்டு, கையில் கொத்தமல்லிக் கட்டு.
கல்லைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள்.
"உன் அம்மா குனிந்தது வாளிக்கு" என்றாள்.
"நீ வேறு யாருக்கோ என்று எழுதப் பார்க்கிறாய்."

கதை சின்னது.
ஆட்சி மாறுவதற்கு முந்தின மார்ச். மழை.
துடைத்த தரை காயவில்லை.
சேற்றுப் பூட்ஸோடு ஏறி வந்தார் நீதிபதி.
ஸுல்மீரா துடைப்பக் கழியை
வாசலுக்குக் குறுக்கே வைத்தாள்,
இரண்டு நிலைக்கால், நடுவில் ஒரு கழி.
இன்றைக்கு இல்லை, என்றாள்.
குரல் உயரவில்லை.
கழி இறங்கவில்லை.
கால் மணி நேரம் மழையில் நின்றார் அவர்.
கோழி திருடியவன் உள்ளே
உலர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மறுநாள் வேலை போகும் என்று நினைத்தோம்.
கால்மிதி ஒன்று வந்தது."

மகன் காகிதத்தை மடித்தான்,
பிரித்தான், மறுபடி மடித்தான்.
"என்னிடம் சொன்னதே இல்லையே."
"தரைதான் காய்ந்துவிட்டதே" என்றாள் ஃபெலிஸ்மினா,
"அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது?"

எர்மீனியோ விரல் மடக்கி எண்ணினார்.
இன்றைக்கு இல்லை.
அவர்கள் மொழியில் அதுவும் ஏழு எழுத்து,
அதே வாய் திறக்காத எழுத்தில் தொடக்கம்.
எதையும் அழிக்க வேண்டாம், காசும் மாறாது.
கடைசிக்கு முந்தின எழுத்தின் தலையில்
ஒரு சிற்றலை வரும்,
அதற்கு அவர் யாரிடமும் வாங்குவதில்லை.

கல் நாட்டிய அன்றும் மழை.
முன்பின் தெரியாத ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார்,
பிறகு தொப்பியைக் கழற்றினார்.
மகன் பாதையோரம் நின்று
புல்லில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டான்.
நெருங்கினான். குனிந்து பார்த்தான்.
திரும்பிப் போய்
இன்னொரு முறை துடைத்தான்.