எண்பத்தேழாம் பக்கம்

நகரி ரோட்டில், எல்லைக்கு இந்தப் பக்கம்,
எடைமேடையில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
மாங்காய் சீசன். லாரிக்கும் லாரிக்கும் நடுவில்
ரெட்டெம்மாவின் நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன்.

பதிப்பாளர் முன்பே சொல்லியிருந்தார்:
"உங்க குரல் எங்கேயும் கேட்கக் கூடாது."
சரி என்றேன்.
மேடை ஏறும் வண்டிக்கு நானும் அதைத்தான் சொல்கிறேன்.
டிரைவர் இறங்கு, கிளீனர் இறங்கு,
தார்ப்பாயில் தேங்கின தண்ணியைக்கூடத் தள்ளிவிடு.

எண்பத்தாறு பக்கம் ஓடிவிட்டது.
அவருடையது சித்தூர்த் தெலுங்கு,
பாதி வார்த்தை எங்கள் வீட்டுக் கொடியில் காய்வது.
"வான ராலேது" என்று அவர் எழுதினால்
மழை வரவில்லை என்று நான் எழுத வேண்டும்.
வானம் வரவில்லை என்று கை எழுதிவிட்டது ஒருமுறை.
அடித்தேன்.
அடித்ததை அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்தேழில்
முனெம்மா மண்டிக்குப் போகிறாள், மூன்று மாதப் பாக்கி கேட்க.
தரகர் திருத்தணிக்காரர். தமிழில் சொல்கிறார்:
"கணக்குப் பாத்துட்டுச் சொல்றேன்."
தெலுங்கு எழுத்தில், அப்படியே தமிழ்.
புத்தகத்திலேயே நான் தொடவேண்டியிராத ஒரே வரி.

அங்கே அது உள்ளே தாழிட்ட கதவு.
முனெம்மாவுக்கு ஒரு எழுத்தும் புரியாது.
இங்கே கொண்டுவந்து வைத்தேன்.
முன்வரி தமிழ், பின்வரி தமிழ்,
கதவைக் காணோம், வெறும் வாசல்.
முனெம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.
புரிந்தும்
சும்மா திரும்பி வருகிறவளாகிவிட்டாள்.

சாய்வெழுத்தில் போட்டுப் பார்த்தேன். அடிக்குறிப்பு.
ஒரு லாரி வந்துபோகும் நேரத்துக்கு
தரகரைக் கன்னடக்காரராக்கினேன்.
கடைசியில்:
"அவர் ஏதோ சொன்னார்."

போனில் ஒப்புக்கொண்டேன்.
ரெட்டெம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை,
அவர் வீட்டு குக்கர் இரண்டு விசில் அடித்தது.
"அவன் என்ன சொன்னான்னு அன்னிக்கு எனக்கே தெரியாது.
கணக்கு கிணக்கெல்லாம் பிறகு நானா எழுதினது."
அப்படியானால் 'ஏதோ' இருக்கட்டுமா என்றேன்.
"எந்த ஏதோ?" என்றார்.
என் போன் ஆந்திரா டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் நடுவில்
ஒரு கணம் இரண்டிலும் இல்லை.
லைன் போய்விட்டது.

இரண்டு மணிக்கு ஒரு பெங்களூரா லோடு.
பதினோரு டன், நானூற்று எழுபது கிலோ.
சீட்டை அடித்துக் கொடுத்த பிறகுதான் கவனித்தேன்,
கண்ணாடிக்குப் பின்னால்
ஸ்டியரிங்கில் தலைவைத்துத்
தூங்கிக்கொண்டிருந்தான் டிரைவர்.